எண் மாறினால் அச்சுப்பிழை

கல்லூரி முதலாண்டுக் கணக்கில் நிறையப் பேரைத் தேற வைத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்குக் கணக்கு தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்டவர் மேல் வருகிற கோபம் இல்லை அது. ஆனாலும் கேட்டவர் மேல்தான் காட்டுவேன். அந்த அளவுக்கு நியாயஸ்தன் நான்.

1988இல் நான் கணிதத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர் போராட்டம் வெடித்து, பர்மா முழுக்கக் கல்லூரிகளை மூடிவிட்டார்கள். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று வருடக்கணக்கில் காத்துக் கிடந்து, பட்டம் கையில் கிடைத்தபோது எனக்கு அதை வீட்டில் யாரிடமும் காட்டத் தோன்றவில்லை. விரிவுரையாளர் வேலைக்கு எழுதிப் போட்டேன். முழுக் குடிமகன் இல்லை என்று காட்டும் என் அடையாள அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் இருந்தவர் விண்ணப்பத்தை அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அவர் வந்து இரண்டு தலைமுறை போன பிறகும் நாங்கள் வந்தவர்கள் கணக்கிலேயே இருந்தோம். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பர்மிய நண்பனுக்கு அந்த வேலை கிடைத்தது. அவன் நல்லவன், கெட்டிக்காரன். அதனால் அவன் மேல் பொறாமைப்படுவதுகூட எனக்குச் சுலபமாக இல்லை.

ரங்கூனை யாங்கோன் என்று எழுதச் சொன்ன காலம் அது. எங்கள் வாயில் ரங்கூன்தான். நகரத்தின் நடுவில், டீக்கடை ஒன்றின் மாடியில் நீளமான ஒற்றை அறையைப் பிடித்து, சுவரில் கரும்பலகை மாட்டி, முதலாண்டுக் கணக்குக்கு டியூஷன் ஆரம்பித்தேன். டாலாவிலிருந்து படகில் வருவார்கள், தன்லியினிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். பாதிப் பேர் தமிழர்கள். அவர்களிலும் சின்ன வயதுக்காரர்களுக்குத் தமிழைவிட பர்மியே சுலபமாக வரும். பாடப்புத்தகம் ஆங்கிலம், வகுப்பில் பேச்சு பர்மி, வீட்டில் திட்டு வாங்குவது தமிழில். ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இருக்க அவர்களுக்கு மூன்று மொழிகள் வசதியாக இருந்தன.

ஆரம்பத்தில் நான் பெரிய இலட்சியவாதி. எதையும் புரிய வைத்துத்தான் சொல்லித் தருவேன் என்று அடம்பிடித்தேன். எல்லை என்றால் என்ன, வகைக்கெழு எதற்காக வந்தது என்று மூன்று வாரம் பேசினேன். நாலாவது வாரம் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் எதிர் வரிசையில் இருந்த வேறொரு வாத்தியாரிடம் போய்விட்டார்கள். அங்கே புத்தகத்திலுள்ள கணக்குகளை வரி மாறாமல் எழுதிப்போட்டு, எல்லோரையும் சேர்ந்து சத்தமாக ஒப்பிக்க வைப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த படிப்பு அதுதான். தேர்விலும் புத்தகத்துக் கணக்கே வரும், அதே எண்களோடு வரும். அங்கே படித்தவர்கள் தேறினார்கள். என்னுடைய ஆறு பேரில் நாலு பேர் தவறினார்கள்.

அந்த நாலு பேரின் வீட்டுக்காரர்கள் வந்து நின்ற நாளில் என் இலட்சியத்தை மூட்டை கட்டினேன். நானும் எழுதிப்போட ஆரம்பித்தேன், நானும் ஒப்பிக்க வைத்தேன். மாடியில் முப்பது பேர் ஒரே குரலில் ஈருறுப்புத் தேற்றத்தைச் சொல்வார்கள். கீழே டீக்கடை முதலாளி எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பால் ஆற்றிக்கொண்டே அந்தத் தேற்றத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஆங்கிலத்தில் சொல்வார். பிள்ளைகள் இடையில் தடுமாறினால் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்தேன். ஆனால் அவருக்கும் என் மாணவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்த அன்றைக்கு மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த அச்சுப்பிழை வந்தது. அப்போதெல்லாம் கேள்வித்தாள் தட்டச்சு செய்து, மை உருட்டி எடுத்தது. மங்கலாக இருக்கும், கோணலாக இருக்கும். ஒரு வருடம் புத்தகத்தில் கழித்தல் குறி இருந்த இடத்தில் தாளில் கூட்டல் விழுந்திருந்தது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தார்கள். என்னிடம் படித்த ஜவுளிக்கடை வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் தாளில் இருந்தபடியே போட்டான். அருமையாகப் போட்டிருந்தான். என்னிடம் வந்து போட்டுக் காட்டினான், நான் முதுகில் தட்டினேன். முடிவு வந்தபோது அவன் சில மார்க்கில் தவறியிருந்தான். விரிவுரையாளரான என் பர்மிய நண்பன் விடைத்தாள் திருத்தப் போனவன். டீக்கடையில் உட்கார்ந்து அவன்தான் சொன்னான்: திருத்துபவர்கள் கையில் இருந்த பட்டியலில் புத்தகத்து விடைதான் இருந்ததாம். அது வராத தாளுக்கெல்லாம் பூஜ்யமாம். “நான் சொல்லிப் பார்த்தேன். பட்டியலை மாத்த முடியாதுன்னுட்டாங்க” என்று பர்மியில் சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். அந்தப் பையன் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான், திரும்பப் படிக்க வரவில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு சட்டம். தாளில் எண்ணோ குறியோ மாறியிருந்தால் அது அச்சுப்பிழை. அதைப் பார்க்காதே. புத்தகத்தில் உள்ளதை எழுது. வருடா வருடம் கடைசி வகுப்பில் இதைச் சொல்வேன். சொன்னது பலித்தது. ஒவ்வொரு தாளிலும் எங்கேயாவது ஒரு பிழை இருந்தது, என் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போனார்கள். என் பெயர் பரவியது. அந்த எதிர் வரிசை வாத்தியாரே தம்பி மகனை என்னிடம் அனுப்பினார்.

இடையில் கல்லூரிகளை மறுபடி மூடி, வருடங்கள் கழித்துத் திறந்தார்கள். திறந்ததும் நிறையப் பேர் வீட்டிலிருந்து படித்துத் தேர்வுக்கு முன்னால் மட்டும் கல்லூரிக்குப் போகிற அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருத்திதான் இன்சீனிலிருந்து வந்த அந்தப் பெண். மூடுவதற்கு முன்னால் முதலாண்டில் சேர்ந்து நாலு மாதம் படித்தவள். என்னிடம் வரும்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவள் ஒரு தொடக்கப்பள்ளியில் தினக்கூலி ஆசிரியை. சனி, ஞாயிறு காலையில் நகரத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடித்து வருவாள். ஏற்கனவே இரண்டு தடவை முதலாண்டுத் தேர்வு எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் மட்டும் தவறியிருந்தாள். மூன்றாவது தடவையும் போனால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள். பட்டம் இல்லாதவர்களைப் பள்ளிக்கூடத்தில் இனி வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

“இதான் சயா கடேசி” என்றாள் முதல் நாள். வாத்தியாரை நாங்கள் சயா என்றுதான் கூப்பிடுவோம். “இதுல போயிருச்சுன்னா எனக்குப் பள்ளிக்கூடம் இல்ல. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. ஒப்பிச்சீங்கன்னா தேறலாம்” என்றேன். எனக்கு அப்போது நாற்பதைத் தொடுகிற வயது. தேவையில்லாமல் கடுகடுவென்று இருப்பேன்.

ஒப்பிப்பதுதான் அவளுக்கு வரவில்லை. நாலாவது வரியில் நின்றுவிடுவாள். மறந்துபோய் நிற்கவில்லை. “இந்த வரி எங்கேருந்து வந்துச்சு சயா?” என்று கேட்பாள். முப்பது பேர் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். “வந்துச்சு, எழுதிக்க” என்பேன். பக்கத்தில் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவள் முகம் சுருங்கி, எழுதிக்கொள்வாள். அடுத்த வாரம் அதே வரியில் மறுபடி நிற்பாள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பழைய காலண்டர் அட்டையை வெட்டி மடித்த ஐந்தாறு பெட்டிகளை என் மேசையில் வரிசையாக வைத்தாள். எங்கள் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தகரம், நாலு மூலையிலும் சின்னச் சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாத பெட்டி, எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும் என்று. விடை இரண்டு அங்குலம். என் பிள்ளைகள் எல்லோரும் தூக்கத்தில்கூட இரண்டு என்பார்கள்.

“வேற வேற அளவு அட்டையில வெட்டிப் பார்த்தேன் சயா. எல்லாத்துலயும் பக்க நீளத்துல ஆறுல ஒரு பங்குதான் வருது. அப்புறம் எக்ஸ் போட்டுப் பார்த்தேன். அங்கயும் அதுதான் வருது. அப்ப அந்த நாலாவது வரி இதுக்குத்தானா?”

நோட்டைப் பார்த்தேன். பக்க நீளத்துக்கு ஓர் எழுத்தை வைத்து, ஒரு தப்பில்லாமல், தானாகவே பொதுவாகப் போட்டிருந்தாள். எழுத்து குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுடைய குண்டு எழுத்து. இத்தனை வருடத்தில் இந்த அறைக்குள் யாரோ ஒருவர் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே கணக்குப் போட்டிருந்தார். அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவும் இல்லை.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது என் கண்முன் நின்றது அந்த ஜவுளிக்கடைப் பையன்தான். புரிந்து போட்டவன் தவறியதை நான் பார்த்திருக்கிறேன். இவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. எனக்குப் பயம் வந்தது. நிஜமான பயம்.

“நல்லா இருக்கு. ஆனா இதைப் பரீட்சையில காட்டாதம்மா. புத்தகத்துல இருக்கிற மாதிரி, ஒரு வரி கூடாம, ஒரு வரி குறையாம எழுது” என்றேன்.

“எனக்கு இப்படிப் போட்டா மறக்க மாட்டேங்குது சயா.”

“மறக்காது. மார்க்கும் வராது.”

பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டாள். புரிந்துவிட்டதால் மனப்பாடமும் வந்தது. இரண்டு மாதத்தில் புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிட்டாள், டீக்கடை முதலாளியையே தோற்கடித்தாள். கடைசி வகுப்பில் என் சட்டத்தைச் சொன்னபோது, அவளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லித் திரும்பச் சொல்ல வைத்தேன். கைகட்டி நின்று சொன்னாள்: “எண் மாறியிருந்தா அச்சுப்பிழை. புத்தகத்துல உள்ளதை எழுதணும்.”

தேர்வு முடிந்த அன்று மத்தியானம் தேர்வு மண்டபத்திலிருந்து நேராக மாடிக்கு வந்தாள். கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் கரைந்து கோடு கோடாக இருந்தது. “முழுசா எழுதிட்டேன் சயா. நீங்க சொன்ன மாதிரியே” என்றாள். கேள்வித்தாளை மேசையில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள்.

தாளைப் பார்த்தேன். சுத்தமான அச்சு. அப்படி ஒரு தாளை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் கணக்கில் ஓர் எண் மாறியிருந்தது. சரி, பிழை என்று நினைத்தேன். மூன்றாவதில் இரண்டு எண்கள் மாறியிருந்தன. தகரப்பெட்டிக் கணக்கில் பன்னிரண்டுக்குப் பதில் பதினெட்டு. மாறிய எண்கள் எல்லாமே அழகாக முழு விடை தருகிற எண்கள். பிழை அப்படி விழாது. யாரோ உட்கார்ந்து, யோசித்து, அக்கறையோடு மாற்றியிருக்கிறார்கள்.

யார் என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. என் நண்பன் டீக்கடையில் காத்திருந்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “படிக்கிற காலத்துல நாம என்ன பேசினோம், ஞாபகம் இருக்கா? இந்த வருஷம் செஞ்சே காட்டிட்டேன். கேள்வி நான்தான் எடுத்தேன், விடைப் பட்டியலும் நான்தான் போட்டேன். கிளிப்பிள்ளைங்க எல்லாம் மாட்டிக்கும். புரிஞ்சு படிச்சவன் மட்டும்தான் இதுல தேற முடியும்” என்றான். அந்தப் பையன் தவறிய நாளிலிருந்து இதற்காகவே காத்திருந்ததாகச் சொன்னான். அவன் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றும் இல்லை. இருபது வயதில் அதே டீக்கடையில் அதை அவனிடம் முதலில் பேசியவனே நான்தான். அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

முடிவு வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் அவள் இரண்டு தடவை வந்தாள். ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். இன்னொரு தடவை, இரண்டாம் ஆண்டுப் புத்தகம் பழையது எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கடையைச் சொன்னேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவையும் நினைத்தேன். இரண்டு தடவையும் வாய் வரவில்லை. ஒருவேளை திருத்துபவர்கள் பாதி மதிப்பெண்ணாவது போடுவார்கள் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். கோழை என்பதற்கு மேல் எனக்கு வேறு பெயர் கிடையாது.

அந்த வருடம் என் வகுப்பில் தேறியவர்கள் மூன்று பேர். அவர்கள் என் சட்டத்தைக் காதில் வாங்காத மூன்று தறுதலைகள். மற்றவர்களின் வீட்டுக்காரர்கள் மாடி ஏறி வந்து கத்தினார்கள், ஒருவர் கரும்பலகையைக் கழற்றிக் கீழே போட்டார். அதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை. அவள் எப்போது வருவாள் என்றுதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். அழுத முகமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள் என்றாள். தன்லியின் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம், பெயர் கொடுத்திருக்கிறாளாம். நான் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எண் மாறியிருந்ததைக் கவனிச்சியா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்பதற்காகவே கேட்டேன்.

“கவனிச்சேன் சயா. மொதல்ல தாள்ல இருந்த மாதிரியே போட்டுட்டேன். எல்லாத்தையுமே போட்டுட்டேன், நேரம்கூட மிச்சம் இருந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எழுந்து நின்னு சொன்னேன் இல்லையா. பயந்துட்டேன். எல்லாத்தையும் குறுக்கே கோடு போட்டு அடிச்சுட்டு, புத்தகத்துல இருக்கிறதை எழுதினேன்.”

தப்பு என்னுடையது என்று சொன்னேன். மன்னிச்சிரும்மா என்றும் சொன்னேன். அந்த வார்த்தைகள் எதற்கும் உதவாதவை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

“யாதே சயா, பரவால்ல” என்றாள். படிக்கட்டு வரைக்கும் போய், திரும்பி நின்று, வகுப்பில் கேட்கிற அதே குரலில் ஒன்று கேட்டாள்.

“அந்தப் பெட்டிக் கணக்குல மூணு அங்குலம்னு போட்டு அடிச்சேன். அது சரிதானா சயா?”

“சரிதாம்மா” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்குத் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தாள். சந்தோஷமாகவே படி இறங்கிப் போனாள்.